‘வாங்க’ என்று கூப்பிட்ட பேய்

போத்தனூர்ச் சம்மந்தியம்மா ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த அந்தப் பகலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மணி பதினொன்று இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. அவருக்குக் கோயிலைத் திறந்து காட்டலாம் என்று நான் அடுப்படியில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தும், அவர் ஆட்டோவில் நேராகக் கோயில் வாசலுக்கே போய் இறங்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் எங்கள் வீட்டுக்குள் புயல்போல நுழைந்தார். ஒரு காலில் செருப்பு, மறு காலில் செம்மண்.

“சம்மந்தி, உங்க சர்ச்சுக்குள்ள ஆரோ இருக்குறாங்க!”

“பூட்டியிருக்குதுங்களே. இதோ, சாவி என்ற கையிலதான் இருக்குது.”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். பூட்டின சர்ச்சுக்குள்ள இருந்து என்னைய வாங்கன்னு கூப்புடுதுங்க!”

ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்தார், பாதியை மேலே ஊற்றிக்கொண்டார். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வாங்க சம்மந்தி, உள்ள வாங்கன்னு சொல்லுச்சுங்க. நான் சம்மந்தின்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?”

 என் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கும் இந்த அம்மாவின் மகனுக்கும் அந்தக் கோயிலில்தான் கல்யாணம். அதற்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. எனக்குக் கல்யாணம் நடந்ததும் அதே பீடத்தின் முன்னால்தான். மகளுக்கும் அங்கேதான் நடக்க வேண்டும் என்பது நான் கட்டியிருந்த ஒரே கோட்டை.

“கல்யாணத்தைப் போத்தனூர்லயே வெச்சுக்கலாம் சம்மந்தி. இல்லாட்டி...” என்று நிறுத்தினார்.

அந்த ‘இல்லாட்டி’ முடிவதற்குள் நான் இன்னொரு சொம்புத் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டேன்.

சத்தம் நின்றால் பயம்

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் வந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்களுடையது எட்டுத் தறி. ராத்திரியும் பகலும் சடக்கு சடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம். தறி நின்றால் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழும்.

அதனால் எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. கத்துவோம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பதினாறு வயதிலிருந்து தறியில் நிற்பவர். காது முக்கால்வாசி போய்விட்டது. அவர் “சோறு போடு” என்றால் அடுத்த தெருவில் இலை போடுவார்கள். நான் பாலர் பள்ளி டீச்சராக இருந்தவள், எனக்கும் தொண்டை சின்னதில்லை. நாங்கள் குடித்தனம் செய்த இத்தனை வருஷமும் ஊர் முழுக்கக் கேட்டபடிதான் நடந்தது.

மாதம் ஒருமுறை ஷட்டவுன் வரும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் கிடையாது. அன்றைக்கு எல்லாத் தறியும் ஒன்றாக நின்றுவிடும். அப்போதுதான் எங்களுக்கு உலகத்தில் மற்ற சத்தங்களும் இருப்பதே தெரியும். காக்கை கத்துவது, கதவு முனகுவது, ஓட்டின்மேல் அணில் ஓடுவது எல்லாம் கேட்கும். கேட்கக் கேட்கப் பயமாக இருக்கும்.

மற்ற ஊரில் பேய் அமாவாசைக்கு வருகிறதாம். எங்கள் ஊரில் ஷட்டவுனுக்கு வரும்.

எங்கள் கோயில் பேய்கள்

ஆரோக்கியநாதர் கோயில் மிகப் பழையது. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டினார் என்பார்கள். அவரை உள்ளேயே ஒரு கல்லுக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை. மற்ற நாளில் பூட்டுத்தான். சாவி எங்கள் வீட்டில் இருக்கும், சனிக்கிழமை நான்தான் கூட்டிப் பெருக்குவேன். அந்த வகையில் அங்கிருக்கும் பேய்களையெல்லாம் எனக்கு நல்ல பழக்கம்.

ஒரு காலத்தில் நட்டநடுப் பகலில் கோயில் மணி தானாக அடித்தது. ஊரே முழங்காலில் விழுந்து ஜெபமாலை சொன்னது. ஜெபமாலையின் ஐந்து தேவரகசியங்களும் முடிந்தபோதுதான் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியக்கா ஓடிவந்து தன் மாட்டை அவிழ்த்தார். முளைக்குச்சி கிடைக்கவில்லையென்று மணிக்கயிற்றில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாடு புல்லுக்கு எட்டியபோதெல்லாம் மணி அடித்திருக்கிறது.

இன்னொன்று ஆரோக்கியநாதர் சிலையின் காலடியில் இருக்கும் சுண்ணாம்பு நாய். வாயில் ரொட்டியோடு இருந்த நாய் அது. ஒரு நாள் ரொட்டியைக் காணோம். நாய் விழுங்கிவிட்டது என்று ஊரில் சத்தியம் செய்தவர்கள் உண்டு. ஒட்டடை அடிக்கும்போது கம்பு பட்டு உடைந்தது எனக்குத் தெரியும். கம்பு என் கையில் இருந்தது. இதுவரை நான் வாய் திறக்கவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

பாவசங்கீர்த்தனக் கதையையும் சொல்ல வேண்டும். தறிச் சத்தத்தில் சாமியாருக்குக் கேட்க வேண்டுமே என்று எங்கள் ஆட்கள் பாவத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காது, தறி காப்பாற்றிவிடும். ஒருமுறை பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஷட்டவுன் வந்து தொலைந்தது. வழக்கம்போல ஒருவர் அடித்தொண்டையில் தன் பாவங்களை அறிக்கையிட்டார். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டில் பாத்திரம் பறந்தது.

ஆகவே எங்கள் ஊருக்குப் பேய் புதிதல்ல. ஆனால் ‘வாங்க’ என்று மரியாதையாகக் கூப்பிட்ட பேய் இதுதான் முதல்.

பட்டுச்சேலையில் காபி

சம்மந்தியம்மாவின் பயத்துக்கு முன்கதை ஒன்று உண்டு.

எங்கள் பக்கம் விருந்தாளியை வாசலில் நின்று ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் போச்சு. விருந்தில் என்ன போட்டோம் என்பதை மறந்துவிடுவார்கள், ‘வாங்க’ சொல்லாததைப் பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். அதனால் நிச்சயதார்த்தத்தன்று என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முறையாக வாசலில் நின்றார். எல்லோரையும் ‘வாங்க’ சொல்லி உட்கார வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். சம்மந்தியம்மா காபியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துப் பின்னாலிருந்து, “நல்லாச் சாப்புடுங்க சம்மந்தி!” என்று உபசரித்தார்.

தறிக் குடோனுக்குள் நின்று சொல்லும் குரல் அது. காபி முழுக்கப் பட்டுச்சேலையில். அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனபின் ஸ்டெல்லா அழுதாள். “கல்யாணத்தன்னிக்கு நீங்க வாயே தொறக்க வேண்டாங்ப்பா. எனக்கு மானம் போகுது” என்றாள். கோயம்புத்தூரில் ஏசி ஆபீசில் வேலை பார்க்கும் பெண். அங்கே எல்லோரும் குசுகுசுவென்று பேசுவார்களாம்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். நானும் அதை மறந்துவிட்டேன். மறந்தது என் தப்பு.

ஷட்டவுன் பேய்

அடுத்த ஷட்டவுனில்தான் குரல் முதலில் கேட்டது. கேட்டவர் பாப்பாத்தியக்கா. தோட்டத்துக் கௌண்டர் வீட்டு அம்மா, எங்கள் சாமியையும் தன் சாமியையும் சரிசமமாகத் திட்டக்கூடியவர்.

“ஏனுங் மேரி, உங்க கோயலுக்குள்ள ஒரு ஆம்பளக் கொரலு கேக்குது அம்மணி. மெல்லமா, கொழகொழன்னு. வாங்க வாங்கன்னு கூப்புடுது. அந்த வெள்ளக்காரச் சாமியாருதான்.”

“வெள்ளைக்காரரு எப்படிக்கா வாங்கன்னு சொல்லுவாரு?”

“ஏஞ் சொல்லமாட்டாரு? எத்தன வருசம் இங்க குடியிருந்தாரு. நம்மூருத் தண்ணி குடிச்சா மருவாத தானா வந்துபோடும்.”

நான் சிரித்தேன். அதற்கடுத்த ஷட்டவுனில் சம்மந்தியம்மா ஒற்றைச் செருப்போடு வந்தபோது சிரிப்பு வரவில்லை. அன்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கோயிலைத் திறப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முன்னால் போவது யார் என்பதில் தகராறு. கடைசியில் நான்தான் போனேன். உள்ளே ஈ எறும்பு இல்லை. ஆரோக்கியநாதரும் நாயும்தான் இருந்தார்கள்.

“அது சரி, சம்மந்தின்னு எப்படிக்கா கண்டுபிடிச்சுது?” என்று பாப்பாத்தியக்காவிடம் கேட்டேன்.

“ஊருக்கே பத்திரிக வெச்சிருக்கறீங்க. உள்ளயே குடியிருக்கறவருக்குத் தெரியாதா?”

என் வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை. ஷட்டவுன் நாளில் தறிச் சாமான் வாங்கச் சோமனூர் போவதை அவர் புது வழக்கமாக வைத்திருந்தார். போய்விட்டு ஒரு பொட்டலம் பொரியோடு வருவார். சாமான் எங்கே என்றால், “கடை லீவு” என்பார். சாயங்காலம் நான் பேய்க் கதையைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “அப்படியா? சம்மந்தின்னா கூப்புட்டுச்சு?” என்று இரண்டு முறை கேட்டார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சம்மந்தியம்மா ஃபோன் செய்தார். அடுத்த மாதமும் அந்தக் குரல் கேட்டால் கல்யாணம் போத்தனூரில்தான் என்று முடிவாகச் சொன்னார். மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன், ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். ஸ்டெல்லா பத்திரிகையை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெள்ளைக்காரச் சாமியாராக இருந்தாலும் சரி, என் மகள் கல்யாணத்தில் கைவைத்தால் விடமாட்டேன் என்று முடிவுகட்டினேன்.

வேட்டை

அடுத்த ஷட்டவுனுக்குத் தயாராக இருந்தேன். என் கையில் தீர்த்தப் பாட்டில். பாப்பாத்தியக்கா கையில் விளக்குமாறு, முந்தானையில் திருநீறும் எலுமிச்சம்பழமும். எந்தச் சாமி வேலை செய்தாலும் சரி என்றுதான் போனோம்.

பத்தரைக்குக் கோயில் மதிலருகே நின்றோம். தறிகள் எல்லாம் ஓய்ந்துகிடந்தன. அப்போது கேட்டது.

“வாங்க... வாங்க... உள்ள வாங்க...”

மெல்லிய, கனிவான ஆண் குரல். கோயில் சுவரில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் பாப்பாத்தியக்கா வேப்பமரத்தடிக்குப் போய்விட்டிருந்தார்.

“நீ போ கண்ணு, நானு இங்க நின்னு பாத்துக்கறன்.”

முன்கதவைத் திறந்தால் கிரீச்சிடும் என்று பின்பக்கம் சுற்றிப் போனேன். சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு சின்னக் கதவு உண்டு. உள்கொக்கி போட்டது போட்டபடி வருஷக்கணக்காகக் கிடப்பது. அது ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது; ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது யாரோ உள்ளேயிருந்து கொக்கியை எடுத்துவிட்டிருக்க வேண்டும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

வலது செருப்பின் வார் அறுந்து தறிப் பாவு நூலால் கட்டியிருந்தது. அந்தக் கட்டுப் போட்டது நான்தான்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டும் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த மனுஷனை அவர் செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஆரோக்கியநாதருக்கு எதிரே வேட்டியை இறக்கிவிட்டுக் கைகூப்பி நின்றிருந்தார். “வாங்க சம்மந்தி... உள்ள வாங்க... வழியெல்லாம் சௌரியமுங்களா...” என்று சாமியை வரவேற்றார். பிறகு குனிந்து நாயைப் பார்த்து, “வாங்க மாப்ள” என்றார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஷட்டவுன் நாளை ஏன் பிடித்தார் என்பதும் அப்போது விளங்கியது. தறி ஓடினால் தான் மெதுவாகப் பேசுகிறோமா கத்துகிறோமா என்று அவருக்கே தெரியாது. எல்லாம் நின்ற நாளில், எதிரொலிக்கும் சுவருக்கு முன்னால் நின்றால்தான் அவர் குரல் அவருக்குக் கேட்கும். மெல்ல முணுமுணுப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. அந்த முணுமுணுப்பு பாப்பாத்தியக்கா தோட்டம் தாண்டிப் போனது அந்தக் காதுக்கு எப்படித் தெரியும்?

அவர் சாமியிடம் நெருங்கிப் போனார். “இங்க பேயி ஒண்ணு இருக்குதாமாங்க சாமி. நான் பேசறத ஒட்டுக்கேட்டு, அதையே அந்தச் சம்மந்தியம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்குது. கொஞ்சம் பாத்துக்குங்க.”

தன்னைப் பற்றித் தானே புகார் கொடுத்த பேயை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போய்ட்டு வா கண்ணு” என்றார். சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை ‘போய்ட்டு’ மட்டும்தான் வந்தது. தோள் குலுங்கியது.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. செருப்பை மிதிக்காமல் பின்வாங்கி வெளியே வந்தேன்.

“ஏனுங் மேரி, பேய்தானா?” என்றார் பாப்பாத்தியக்கா.

“பேய்தானுங்க்கா. வாங்க போலாம்.”

மந்திரிப்பு

உண்மையைச் சொன்னால் சம்மந்தியம்மாவின் பயம் போய்விடும். ஆனால் கல்யாணம் முடியும்வரை ஊர் என் வீட்டுக்காரரைப் பேயென்றே கூப்பிடும். ஸ்டெல்லாவுக்காக ஒளிந்து பழகிய மனுஷன் அப்புறம் வாசலில் நிற்கவே மாட்டார். சொல்லாமல் விட்டால் கல்யாணம் போத்தனூருக்குப் போய்விடும். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுப் பங்குச் சாமியாரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். இளவயதுச் சாமியார். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். “மந்திரிச்சுடலாம்மா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மந்தியம்மாவை வரவழைத்து, ஊரைக் கூட்டி, கோயிலின் நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்தார்கள். தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது யார் என்கிறீர்கள்? சாக்ஷாத் அந்தப் பேய்தான். பேய் ஒழிகிறதே என்று உண்மையான நிம்மதியோடு, ஒவ்வொரு ஜெபத்துக்கும் கூரை அதிர “ஆமென்!” போட்டார். சாமியார் இரண்டு தடவை இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

சம்மந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னார்: “பேய் இருந்திருந்தாலும் இந்தச் சத்தத்துக்கே ஓடியிருக்குமுங்க. கல்யாணத்த இங்கயே வெச்சுக்கலாம்.”

கல்யாண வாசல்

கல்யாணத்துக்கு என்று சுற்றியுள்ள குடோன்களில் எல்லாம் காலையிலிருந்து தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். கேட்காமலே செய்கிற மரியாதை அது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்த அமைதியில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் சாமியாருக்கும் மட்டும்தான் தெரியும்.

போத்தனூர் வேன் வந்து நின்றது. சம்மந்தியம்மா இறங்கிக் கோயில் படியில் கால் வைத்தார். என் வீட்டுக்காரர் கைகூப்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பழகினது பழகினபடி, “வாங்க சம்மந்தி... உள்ள வாங்க...” என்றார்.

பாப்பாத்தியக்கா கையிலிருந்த சந்தனக் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

சம்மந்தியம்மா சிலையாக நின்றார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேலே கோபுரத்தைப் பார்த்தேன். திரும்பி வேனில் ஏறிவிடுவாரோ என்று ஒரு கணம் என் உயிர் என் கையில் இல்லை.

“வழியெல்லாம் சௌரியமுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர், இன்னும் மெதுவாக. நெற்றியில் வேர்த்து வழிந்தது. 

சம்மந்தியம்மா முகம் மெல்ல மாறியது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எனக்காகவாங்க சம்மந்தி இத்தன பாடுபட்டீங்க? வாரனுங்க, வாரன்” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

பின்னால் வந்த ஸ்டெல்லா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். “எப்பம்மா பழகுனாரு?” என்று கேட்டாள். நான் சொன்னேன். கல்யாணப் பெண் அழுதால் மை கலையும் என்று பயந்து அவசரமாக முடித்துக்கொண்டேன்.

பூசை, சாப்பாடு, ஃபோட்டோ எல்லாம் முடிந்து அவள் காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கினாள். அவர் குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. சாமிக்கு முன்னால் அத்தனை முறை சொல்லிப் பார்த்த வார்த்தை அது.

“அப்பா, கத்தியே சொல்லுங்ப்பா” என்றாள் ஸ்டெல்லா.

“போய்ட்டு வா கண்ணூ!”

கோபுரத்திலிருந்த புறா அத்தனையும் எழும்பின. டிரைவர் திடுக்கிட்டதில் கார் ஒருமுறை குலுங்கி நின்றது. உள்ளே சம்மந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கார் நகர்ந்து ரோட்டில் திரும்பியதும் ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வாரேன்ப்பா!” என்று பதிலுக்குக் கத்தினாள்.

எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தால்கூட அது அவருக்குக் கேட்டிருக்கும்.